‘சும்மா இருக்கும்’ அப்பா: தறி விற்ற கணவரும் செவிலியர் மனைவியும் – ஒரு குடும்ப ஆலோசனை நிகழ்வு ஆய்வு

முன்குறிப்பு

ஈரோட்டுக்கு அக்கரையில், காவிரிக் கரையிலுள்ள விசைத்தறி ஊர் ஒன்றில் வாழும் குடும்பத்துடன் 2023 அக்டோபர் முதல் 2024 ஆகஸ்ட் வரை நடந்த 11 அமர்வுகளையும், 2025 ஜூனில் நடந்த மறுசந்திப்பையும் பற்றிய பதிவு இது. கணவன், மனைவி இருவருடைய ஒப்புதலும் பெறப்பட்டுள்ளது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டோ விடப்பட்டோ உள்ளன. ஆலோசகன் என்ற முறையில் தொடக்கத்தில் நான் எடுத்த ஒரு முடிவு தவறானது. அது எப்படித் தவறியது என்பதும் இந்தப் பதிவின் ஒரு பகுதியாகும்.

பின்னணி

கணவருக்கு அப்போது 38 வயது. தந்தையிடமிருந்து வந்த 8 விசைத்தறிகளைக் கூலிக்கு ஓட்டிவந்தார். ஜவுளிக்காரர் பாவும் (நீளவாட்டு நூல்) ஊடைநூலும் (குறுக்கு நூல்) கொடுப்பார், இவர் ரேயான் காடாத் துணி நெய்து கொடுத்து மீட்டருக்கு இவ்வளவு எனக் கூலி வாங்குவார். 2021-22-இல் நூல் விலை ஏறியபோது பாவு வருவது குறைந்து, வாரத்தில் மூன்று நாள்கூடத் தறி ஓடாத நிலை வந்தது. 2022 செப்டம்பரில் மின்கட்டணமும் உயர்ந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் எட்டுத் தறிகளையும் பழைய இரும்பு விலைக்கு எடைக்குப் போட்டுவிட்டார். விசைத்தறிக்கான இலவச மின்சாரம் இரு மாதங்களுக்கு 750 அலகிலிருந்து 1000 அலகாக 2023-இல் உயர்த்தப்பட்டபோது அவரிடம் ஒரு தறியும் இல்லை. இதை அவர் என்னிடம் மூன்று தனித்தனி அமர்வுகளில் சொன்னார்.

மனைவிக்கு 34 வயது. அரசு மருத்துவமனையொன்றில் நிரந்தரப் பணியிலுள்ள செவிலியர். காலை, பிற்பகல், இரவு என மாறிவரும் பணிமுறை அவருடையது. மூத்த குழந்தை பெண், இரண்டாம் வகுப்பு மாணவி. இளையவன் 2022 மே மாதம் பிறந்தவன். தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு மகப்பேறு விடுப்பு 2021 ஜூலை முதல் 12 மாதங்களாக உயர்த்தப்பட்டிருந்ததால், 2023 மே மாதம்வரை அவர் விடுப்பில் இருந்தார். அவர் பணிக்குத் திரும்பிய நாளிலிருந்து குழந்தையையும் அடுப்படியையும் கணவர் ஏற்றார். யாரும் யாரிடமும் கேட்டு, பேசி, முடிவெடுத்து இது நடக்கவில்லை. “வேற ஆள் இல்லைங்க சார், அவ கிளம்பினா, நான் பையனைத் தூக்கினேன்,” என்பதே அதைப் பற்றி அவர் தந்த முழு விளக்கம்.

கணவரின் தாய், கைம்பெண், அதே வளாகத்தில் ஓட்டு வீட்டில் தனிச் சமையல் செய்துவந்தார். அவருக்குத் தனிக் குடும்ப அட்டை உண்டு. மூட்டுவலியால் குழந்தையைத் தூக்க இயலாதவர்.

வந்த காரணம்

பள்ளியில் ஆசிரியை ஒவ்வொரு குழந்தையிடமும் பெற்றோர் என்ன வேலை செய்கிறார்கள் என்று கேட்டிருக்கிறார். இவர்களுடைய மகள், “அம்மா நர்சு. அப்பா சும்மா இருக்காரு,” என்று சொல்லியிருக்கிறாள். அன்று மாலை மகளை அழைத்துவரச் சென்ற தந்தையிடம், கேலியாக அல்லாமல் அக்கறையுடன்தான், ஆசிரியை அதைச் சொன்னார். தந்தை அதன் பிறகு நான்கு நாள் யாரிடமும் பேசவில்லை. ஐந்தாம் நாள் மனைவி, தன்னுடன் பணிபுரியும் ஒருவர் வழியாக என்னை அழைத்தார்.

தமிழில் ‘சும்மா இருத்தல்’ என்ற தொடரை நாம் பெரும்பாலும் பெண்களுக்கே பயன்படுத்தி வந்திருக்கிறோம். “வேலைக்குப் போறீங்களா?” என்று கேட்டால், விடிவதற்கு முன் எழுந்து இரவு கடைசியாகப் படுக்கும் பெண்ணும், “இல்லைங்க, வீட்ல சும்மாதான் இருக்கேன்,” என்றுதான் சொல்வார். அந்தச் சொல் ஒரு பெண்ணின் மேல் விழும்போது யார் காதிலும் உறுத்துவதில்லை. அதே சொல் ஓர் ஆணின் மேல் விழுந்ததும் ஒரு குடும்பம் ஆலோசனைக்கு வந்தது. இந்த வேறுபாடு முதல் அமர்விலேயே என் குறிப்பேட்டில் இருக்கிறது. ஆனால் அதன் பொருளை உணர எனக்கு மூன்று மாதங்கள் ஆயின.

முதல் இரண்டு அமர்வுகளில் கண்டவை

இருவரையும் சேர்த்து ஒரு முறையும், தனித்தனியே ஒரு முறையும் சந்தித்தேன். தனிச் சந்திப்பில் மனைவியிடம் அடி, மிரட்டல், பண முடக்கம், சந்தேகம் ஆகியவை பற்றி நேரடியாகக் கேட்டேன். அப்படி எதுவும் இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்காமல் எந்தத் தம்பதியருடனும் சேர்ந்த அமர்வைத் தொடர்வதில்லை என்பது எங்கள் நடைமுறை.

கணவரிடம் கண்டவை: உறக்கம் குறைந்திருந்தது. இருபது ஆண்டுகள் தறிச் சத்தத்திலேயே தூங்கிப் பழகியவருக்கு, தறிகள் போன பின் வீட்டில் நிலவிய அமைதியில் தூக்கம் வரவில்லை. உறவினர் வீட்டு விசேஷங்களுக்குப் போவதை நிறுத்தியிருந்தார். ஒன்பது கேள்விகள் கொண்ட மனச்சோர்வுக் கணிப்புப் பட்டியலில் 27-க்கு 11 பெற்றார். அது மிதமான நிலை. மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் அனுப்பினேன். மருந்து இப்போது தேவையில்லை, உறக்கத்தைச் சீர்செய்து ஆறு வாரம் கழித்துப் பார்ப்போம் என்று அவர் எழுதி அனுப்பினார்.

வீட்டு வேலைகள் எல்லாவற்றையும் அவர் செய்தார், ஆனால் அவற்றுக்குள் ஓர் எல்லை வகுத்துக்கொண்டிருந்தார். பாத்திரங்களை விடியுமுன் கழுவிவிடுவார். குடிநீர்க் குழாய்க்கு, தெருவில் ஆள் வருவதற்கு முன்பே குடங்களுடன் போய்விடுவார். துணிகளை மொட்டை மாடியில் காயப்போடாமல், வெறுமையாகக் கிடந்த தறிப்பட்டறைக்குள் கயிறு கட்டி உலர்த்தினார். மனைவியின் சேலையைத் தான் துவைப்பதை எவரும் பார்த்துவிடக் கூடாது என்பதே காரணம். கல்யாண வீடுகளில் ஆயிரம் பேருக்குச் சமைக்கும் மாஸ்டரும், தெருமுனையில் புரோட்டா வீசுபவரும், சேலைகளுக்கு இஸ்திரி போடும் கடைக்காரரும் ஆண்கள்தாம் என்பதை அவரும் அறிவார். கூலிக்குச் செய்தால் தொழில், வீட்டுக்குச் செய்தால் மானக்கேடு என்ற கணக்கை அவர் மட்டும் தனியாகப் போடவில்லை.

மனைவியிடம் கண்டவை இதைவிட நுட்பமானவை. அவற்றை அப்போது நான் போதிய அளவு கவனிக்கவில்லை. காலைப் பணி முடிந்து வந்ததும், கணவர் வைத்திருந்த குழம்பு இருக்க, இன்னொரு குழம்பு வைப்பார். பணியிலிருந்தபடி வீட்டுக்குத் திரும்பத் திரும்ப அழைத்து, பால் கொடுத்தாச்சா, துணி மாற்றியாச்சா என்று கேட்பார். மருத்துவமனையில் உடன் பணிபுரிவோரிடம், கணவர் ‘ஜவுளி வியாபாரம்’ செய்கிறார் என்றே சொல்லிவந்தார். வார்டுப் பொறுப்பை ஏற்குமாறு மேலதிகாரி கேட்டபோது மறுத்திருந்தார், அதைக் கணவரிடம் சொல்லவும் இல்லை.

முதல் முடிவும் அதன் விளைவும்

நான் எழுதிய முதல் மதிப்பீடு இது: “வேலையிழப்பால் சோர்வுற்ற கணவர். வேலை கிடைத்தால் தன்மதிப்பு மீளும். குடும்ப உறவு சீராகும்.” இதன்படி அவருக்கு ஒரு வேலை தேடித் தருவதையே முதல் இலக்காகக் கொண்டேன். தெரிந்தவர் மூலம் பெருந்துறைப் பக்கம் ஒரு நூற்பாலையில் இரவுப் பணி கிடைத்தது. 2023 நவம்பர் நடுவில் சேர்ந்தார்.

அந்த வேலை ஐந்து வாரங்கள் நீடித்தது. மனைவிக்கு இரவுப் பணி வந்த வாரங்களில் இரண்டு குழந்தைகளையும் மூட்டுவலிக்காரத் தாயிடம் விட வேண்டியதாயிற்று. இளையவனுக்குக் காய்ச்சல் வந்த இரவில் பெற்றோர் இருவருமே வெளியில் இருந்தனர். எந்த மருந்து, எவ்வளவு என்று பாட்டிக்குத் தெரியவில்லை. ஏழு வயது மகள் தந்தைக்குப் போன் செய்து கேட்டு மருந்து கொடுத்தாள். மறுநாள் காலை வீடு திரும்பியவர் மீண்டும் ஆலைக்குப் போகவில்லை. அடுத்த அமர்வில், “வேலைக்குப் போனா ஆம்பளைன்னு சொன்னீங்க. போனேன். வீட்ல யாரும் இல்லை,” என்றார். நான் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் நான் எடுத்த முடிவு அதைத்தான் சொல்லியிருந்தது.

இதே நிலையில் ஒரு பெண் வந்திருந்தால், கணவர் நிரந்தரப் பணியிலும் மனைவி வீட்டுப் பொறுப்பிலும் இருக்க, அவருக்கு இரவுப் பணி தேடித் தருவதை நான் நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டேன். அவருடைய சோர்வுக்கு வேறு காரணம் தேடியிருப்பேன். குடும்பத்தின் பொருளாதாரம் ஒரு நிலையான அரசுச் சம்பளத்தால் ஓரளவு ஓடிக்கொண்டுதான் இருந்தது. இல்லாமல் போனது பணம் என்று எடுத்துக்கொண்டது என் பிழை.

நாட்குறிப்பு

2024 ஜனவரியில் மதிப்பீட்டைத் திருப்பி எழுதினேன். மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் அதிகாலை 4 மணி முதல் மறுநாள் அதிகாலை 4 மணி வரை ஒரு நாளை அரைமணித் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் செய்ததைக் குறிப்பார்கள். அந்த அமைப்பிலேயே ஒரு தாள் தயாரித்து, இருவரையும் ஏழு நாள்கள் தனித்தனியே நிரப்பச் சொன்னேன். (அதை முதலில் நானே ஒரு வாரம் என் வீட்டில் நிரப்பிப் பார்த்தேன். அந்த முடிவை இங்கே எழுதாமல் விடுவது எனக்கு நல்லது.)

கணவர் நாளொன்றுக்குச் சராசரியாக 500 நிமிடங்கள் வீட்டுக்காக உழைத்திருந்தார். சமையல், துவைத்தல், பெருக்குதல், தண்ணீர் பிடித்தல் ஆகியவற்றுக்கு 285 நிமிடங்களும், குழந்தைகளுக்கு 215 நிமிடங்களும் ஆகியிருந்தன. 2019-ஆம் ஆண்டின் தேசியக் கணக்கெடுப்பு, ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடங்களையும் ஆண்கள் 97 நிமிடங்களையும் அதில் செலவிடுவதாகக் கண்டது. அந்த எண்களைக் காட்டியபோது கணவர் நீண்ட நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவிதான் முதலில் சிரித்தார்.

ஆனால் அந்தத் தாளில் எண்களைவிட முக்கியமானது ஒரு சொல். அந்த வாரத்தில் 43 அரைமணித் துண்டுகளில் கணவர் தம் கையால் ‘சும்மா’ என்று எழுதியிருந்தார். ஒவ்வொன்றாகக் கேட்டபோது, அவற்றில் 31 துண்டுகளில் குழந்தை அவர் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது, அல்லது அவன் எங்கே ஏறிவிடுவானோ என்று கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார், அல்லது மகள் வீட்டுப்பாடம் எழுதி முடிக்கக் காத்திருந்தார். மகள் அந்தச் சொல்லை எங்கிருந்து கற்றாள் என்பது எங்கள் மூவருக்கும் அப்போது தெரிந்தது.

மனைவியின் தாளில் வேறொன்று தெரிந்தது. பணி நாள்களில் பயணத்துடன் சேர்த்து 9 மணி நேரம் வெளியே இருந்துவிட்டு, வீட்டில் மேலும் மூன்றரை மணி நேரம் வேலை செய்திருந்தார். சராசரி உறக்கம் 5 மணி 10 நிமிடம். பணி நேரத்தில் வீட்டுக்குச் சராசரியாக எட்டு முறை அழைத்திருந்தார். வேலை கணவர் கைக்குப் போயிருந்தது. அந்த வேலையை நினைவில் வைத்திருக்கும் பாரம் மனைவியிடமே இருந்தது. மனைவி திட்டமிட, கணவர் ‘உதவி’ செய்தார். ஆக, இருவரும் இடம் மாறியிருந்தாலும், பழைய பாத்திரத்தை ஆளுக்கொன்றாக மனத்தில் விடாமல் பிடித்திருந்தார்கள். அவர் இன்னும் தறிக்காரர், தற்செயலாக வீட்டில் இருக்கிறார். அவர் மனைவி இன்னும் இல்லத்தரசி, தற்செயலாக வேலைக்குப் போகிறார். எனக்குத் தோன்றியவரை, சிக்கலின் வேர் இங்கேதான் இருந்தது.

தார் சுற்றியவர் யார்

அடுத்த அமர்வில் கணவரிடம் தறிப்பட்டறையைப் பற்றிக் கேட்டேன். எட்டுத் தறிக்கும் தார் யார் சுற்றினார்கள்? “அம்மாதான். அப்பா காலத்துல இருந்தே அவங்கதான்.” ஊடைநூலைத் தாரில் (சிறு குச்சியில்) ஏற்றித் தராவிட்டால், அதைக் குறுக்கே கொண்டுபோகும் நாடா ஓடாது, நாடா ஓடாவிட்டால் துணி இல்லை. அதற்கு என்ன கூலி கொடுத்தீர்கள்? அவர் சற்றுத் திகைத்தார். “அது வீட்டு வேலைங்க சார்.” அம்மா என்ன வேலை செய்கிறார் என்று பள்ளியில் கேட்டபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்? பதில் வரச் சிறிது நேரமாயிற்று. “சும்மா இருக்காங்கன்னுதான்.”

கைத்தறிக் காலத்திலிருந்தே இந்தத் தொழிலில் குழியில் உட்கார்ந்து நெய்பவருக்குத்தான் நெசவாளர் என்ற பெயர். நூல் இழைத்து, தார் சுற்றி, பாவுக்குக் கஞ்சி போட உடன் நின்ற பெண்களின் உழைப்பு அவருடைய கூலிக்குள்ளேயே கரைந்துவிடும். தன் இன்றைய நிலை தனக்கு மட்டும் நேர்ந்த விபத்து என்று எண்ணிக்கொண்டிருந்தவர், தன் தாய் 40 ஆண்டுகள் இருந்த இடத்தில்தான் தானும் இப்போது நிற்கிறார் என்பதை அன்று பார்த்தார். அந்த அமர்வுக்குப் பிறகு அவர் ‘உதவி’ என்ற சொல்லைத் தானாகவே குறைத்துக்கொண்டார்.

மனைவிக்கான திருப்பம் இப்படி வரவில்லை, தயங்கித் தயங்கித்தான் வந்தது. எது உங்களுக்கு மிகவும் கடினமாக இருக்கிறது என்று தனி அமர்வில் கேட்டேன். தூக்கமின்மை, மாமியாரின் பேச்சு, ஊர் கேட்கும் கேள்வி என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசியில், “பையன் விழுந்து அழுதா என்னைத் தாண்டி அவர்கிட்ட ஓடுறான் சார்,” என்றார். இரண்டாவது குழம்பு வைப்பதற்கும் எட்டு முறை அழைப்பதற்கும் காரணம் கணவர் மேல் நம்பிக்கையின்மை என்று நான் நினைத்திருந்தேன். அவை ஒரு தாய் தன் இடத்தை விட்டுப் போகாமல் பிடித்துக்கொள்ளும் முயற்சிகள் என்பது அப்போதுதான் புரிந்தது. சம்பாதிக்காத ஆணுக்கு இருக்கும் கூச்சத்தைப் பற்றி நாம் பேசுகிறோம். குழந்தை முதலில் தேடாத தாய்க்கு இருக்கும் கூச்சத்துக்கு நம்மிடம் பெயரே இல்லை. அது தவறு செய்த உணர்வாகவே வெளிப்படுகிறது.

எடுத்த முடிவுகள்

பிப்ரவரி முதல் மூன்று மாற்றங்களை முயன்றோம். வேலைகளைப் பிரித்துப் பட்டியலிடும் வழக்கமான முறையை விட்டுவிட்டோம். அதில் ஒருவர் மேற்பார்வையாளராகவும் மற்றவர் ஏவலாளாகவும் ஆகிவிடுவது தெரிந்திருந்தது. அதற்கு மாறாக, ஒரு துறையை ஒருவர் முழுமையாக ஏற்பது என்று முடிவாயிற்று. நினைவில் வைப்பது, திட்டமிடுவது, செய்வது, தவறினால் பொறுப்பேற்பது அனைத்தும் அவருடையது. இளையவனின் உணவும் உடல்நலமும், சமையல், சமையல் எரிவாயுப் பதிவு, பள்ளிக் கூட்டங்கள் ஆகியவை கணவருடையவை. மகளின் படிப்பு, சேமிப்பு, எல்.ஐ.சி., மாமியாரின் மருத்துவம் ஆகியவை மனைவியுடையவை. அவர் பணியிலிருந்து வீட்டுக்கு ஒரே முறை, இடைவேளையில், அழைப்பார். அந்த அழைப்பில் மேற்பார்வைக் கேள்விகள் கேட்கக் கூடாது. இது அவருக்கு மிகக் கடினமாக இருந்தது. முதல் வாரத்தில் நாளுக்கு ஐந்தாகக் குறைந்ததே அதிகம்.

தாய்க்கும் மகனுக்கும் தனியாக ஒரு நேரம் ஒதுக்கினோம். எந்தப் பணிமுறையாக இருந்தாலும், நாளில் ஒரு முறை குளிப்பாட்டித் தூங்கவைப்பது அவருடையது, இரவுப் பணி நாள்களில் அது பிற்பகல் தூக்கமாக இருக்கும். அந்த நேரத்தில் கணவர் வீட்டை விட்டு வெளியே போய்விட வேண்டும். குழந்தை அழுதாலும் திரும்பி வரக் கூடாது.

மூன்றாவது பணம். திருமணமான நாளிலிருந்து மனைவி தன் ஏ.டி.எம். அட்டையைக் கணவரிடம் கொடுத்து வைத்திருந்தார். தறி ஓடிய காலத்தில் அவர் அதைக் கூசாமல் பயன்படுத்தினார். தறி போன பின் அந்த அட்டையைத் தொடுவதை நிறுத்திவிட்டார். பெட்ரோலுக்குக்கூடக் கேட்க மாட்டார். மனைவி அவர் சட்டைப் பையில் சொல்லாமல் பணம் வைப்பார், அவரும் எடுத்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார். இந்த ஊமை ஏற்பாடு இருவரையும் சிறுமைப்படுத்திக்கொண்டிருந்தது. வீட்டு வேலைக்காகக் கணவருக்கு ஒரு ‘சம்பளம்’ ஒதுக்கலாமா என்று மனைவி கேட்டார். நான் ஒப்பவில்லை. சம்பளம் கொடுப்பவர் முதலாளி ஆகிவிடுவார், பழைய படிநிலை ஆள் மட்டும் மாறித் தொடரும். கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கி, குடும்பச் செலவுகள் அதிலிருந்து போக, ஒருவருக்கொருவர் கணக்குக் கேட்காத சம தொகை ஒன்றை இருவரும் மாதந்தோறும் எடுத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், கணவர் சம்பாதித்து வாங்கிய சொத்தில் வீட்டைப் பராமரித்த மனைவிக்குச் சம பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. அதைக் கணவரிடம் எடுத்துச் சொன்னபோது, “அது பொம்பளைகளுக்குங்க,” என்றார். பிறகு தானே சிரித்துவிட்டு, கணக்குத் தொடங்கும் படிவத்தில் கையெழுத்திட்டார்.

மாமியாருடன் ஓர் அமர்வு

மார்ச்சில் கணவரின் தாயை அவர் வீட்டிலேயே சந்தித்தேன். மகன் கரண்டி பிடிப்பது தன் வளர்ப்பின் மேல் விழுந்த பழி என்றும், மருமகள் சம்பாத்தியத்தின் திமிர் என்றும் இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். 2023 செப்டம்பர் முதல் அவருக்குக் கலைஞர் மகளிர் உரிமைத் தொகையாக மாதம் 1000 ரூபாய் வந்துகொண்டிருந்தது. அது உதவித்தொகை அல்ல, பெண்கள் வீட்டுக்குச் செய்த கணக்கில் வராத உழைப்புக்கான உரிமை என்றே அரசு அதை அறிவித்தது. அந்தப் பணம் எதற்கு என்று கேட்டேன். “காலமெல்லாம் உழைச்சதுக்குக் கொடுக்கறாங்க,” என்று பெருமையாகச் சொன்னார். அதே உழைப்பைத்தானே உங்கள் மகன் இப்போது செய்கிறார் என்றேன். “அவன் ஆம்பளை,” என்றார். பேச்சு அத்துடன் முடிந்தது. கெட்டிக்காரத்தனமாகக் கேட்டுவிட்டதாக நினைத்த என் கேள்வி அவரை வாயடைத்ததே தவிர, மனம் மாறச் செய்யவில்லை. 65 வயதுக்கு மேற்பட்ட ஒருவரைத் தருக்கத்தால் மடக்குவது ஆலோசனை அல்ல என்பதை அன்று திரும்பும் வழியில்தான் உணர்ந்தேன். அதன் பிறகு அவரை மாற்றுவது என் இலக்குகளில் இடம்பெறவில்லை. அவருடைய பேச்சுக்குத் தம்பதியர் தனித்தனியே பதில் சொல்லாமல் இருவரும் ஒரே பதிலைச் சொல்வது என்ற அளவில் நிறுத்திக்கொண்டேன்.

அரசு அலுவலகப் பழக்கங்களும் மாமியாரைவிட அதிகம் நெகிழவில்லை. இளையவனுக்கு 16 மாதத்துக்குப் பின் போட வேண்டிய தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி இரண்டாம் தவணைக்கும் முத்தடுப்பூசி ஊக்கத் தவணைக்கும் புதன்கிழமை துணை சுகாதார நிலையத்துக்குக் குழந்தையை எடுத்துச் சென்றவர் தந்தை. தடுப்பூசி பதியும் அட்டையின் பெயரே தாய் சேய் நல அட்டை. “அம்மா வரலையா?” என்ற கேள்வியைக் கேட்காத ஆள் அங்கே இல்லை. கேட்டவர்கள் கெட்ட எண்ணத்துடன் கேட்கவில்லை. பின்னாளில் அங்கன்வாடித் தாய்மார் கூட்டத்துக்கும் அவர்தான் போனார்.

அதன் பின் நடந்தவை

ஏப்ரல் முடிவதற்குள் அழைப்புகள் நாளுக்கு ஒன்றாகவோ இரண்டாகவோ குறைந்தன. இரண்டாவது குழம்பு நின்றது. கணவரின் ரசம் தன் அம்மாவின் ரசத்தைவிட நன்றாக இருக்கிறது என்று மனைவி சொன்னதை, கணவர் எனக்குப் புகார் சொல்வது போலச் சொன்னார். மனச்சோர்வுக் கணிப்பு ஜூனில் 5 ஆக இறங்கியது. குளிப்பாட்டும் நேரம் முதல் மூன்று வாரங்கள் அழுகையும் அடமுமாகப் போய், பிறகு பழகியது. பையன் இப்போதும் விழுந்தால் தந்தையிடம்தான் ஓடுகிறான், தூக்கம் வந்தால் தாயைத் தேடுகிறான்.

மே மாதத்தில் மனைவி வார்டுப் பொறுப்பை ஏற்றார். அவர் முன்பு அதை மறுத்ததும் அப்போதுதான் கணவருக்குத் தெரிந்தது. அது ஒரு சண்டையாக வெடித்து ஒரு வாரம் நீடித்தது. தனக்காக அவர் தாழ்ந்து நின்றார் என்பதே கணவருக்குப் பொறுக்கவில்லை. இந்தச் சண்டையைத் தணிக்க நான் முயலவில்லை. ஒளித்து வைத்த விட்டுக்கொடுத்தல்களை இருவரும் வெளியே எடுத்துப் போட அது பயன்பட்டது. உடன் பணிபுரிவோரிடம் சொல்லிவந்த ‘ஜவுளி வியாபாரம்’ பற்றியும் அந்த வாரம்தான் சொன்னார்.

ஜூன் மாதம் இரண்டு வயது நிறைந்த பையன் அங்கன்வாடியில் சேர்ந்தான். பகலில் சில மணி நேரம் கிடைத்ததும் கணவர், பக்கத்துப் பட்டறைகளில் தறி பழுது பார்க்கப் போகத் தொடங்கினார். மாலை மூன்று மணிக்கு மேல் எந்தப் பட்டறையிலும் இருப்பதில்லை. அதை முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் வேலையில் கைவைக்கிறார். வருமானம் பெரிதல்ல. நூற்பாலை வேலையிலிருந்து இது வேறுபடுவது ஒன்றில்தான்: வீட்டுப் பொறுப்பை முதலில் வைத்து, மிஞ்சிய நேரத்துக்கு வேலையைத் தேடினார். வேலைக்குப் போகும் பெண்கள் பெரும்பாலோர் செய்யும் கணக்கும் இதுவே. அதனால் அவர்களுக்கு நேரும் இழப்பு, குறைந்த கூலியாகவும் தள்ளிப்போன உயர்வாகவும், இவருக்கும் இனி நேரும் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

2025 ஜூனில் சந்தித்தபோது ஏற்பாடு அப்படியே தொடர்ந்தது. துணி மொட்டை மாடிக்கு வந்துவிட்டது. கணவரின் தாய், மகன் பரிமாறினால் இன்னும் சாப்பிடுவதில்லை. அதே சோற்றைப் பேத்தி கொண்டுபோய் வைத்தால் சாப்பிடுகிறார். பேத்தி மேல் இப்படி விழுந்திருக்கும் சுமையை இருவரிடமும் சுட்டிக்காட்டினேன். பெண்குழந்தை தானாகவே அந்த இடத்துக்கு நகர்த்தப்பட்டதை அவர்களும் நானும் ஓராண்டு கவனிக்கவில்லை. 2024-ஆம் ஆண்டுக்கான தேசியக் கணக்கெடுப்பு வெளியாகி, வீட்டு வேலை நேரம் பெண்களுக்கு 289 நிமிடம், ஆண்களுக்கு 88 நிமிடம் என்று காட்டியிருந்தது. கணவர் அதைக் கேட்டுவிட்டு, ஆண்களின் அளவும் குறைந்திருக்கிறதே என்று மட்டும் சொன்னார்.

மறுபடியும் செய்வதானால்

இந்தக் குடும்பத்துக்கு நிலையான சம்பளமும் சொந்த வீடும் இருந்தன, வன்முறை இல்லை. இருவருமே தினக்கூலியில் இருந்தால் ஒருவர் வீட்டில் இருக்கும் கேள்வியே எழுந்திருக்காது. எனவே இங்கே பயன்பட்டதை அப்படியே வேறிடத்துக்கு எடுத்துச் செல்ல இயலாது.

நாட்குறிப்பை மூன்றாம் மாதத்தில் அல்லாமல் முதல் அமர்விலேயே கொடுப்பேன். மதிப்பீட்டை எழுதிய பின், கணவன், மனைவி என்ற சொற்களை இடம் மாற்றிப் போட்டு ஒரு முறை படித்துப் பார்ப்பேன். நூற்பாலை முடிவு அந்த ஒரே சோதனையில் நின்றிருக்கும். மாமியாரைக் கேள்வியால் எதிர்கொள்ளாமல், அவர் தார் சுற்றிய காலத்தைப் பற்றிச் சொல்லச் சொல்லிக் கேட்டிருப்பேன். அந்தக் கதையை மகனிடமிருந்து வாங்கினேனே தவிர, அதற்கு உரியவரிடம் கேட்கவே இல்லை. மூத்த மகளுடன் ஒரு தடவையாவது தனியாகப் பேசியிருக்க வேண்டும். அவள் சொன்ன ஒரு வாக்கியத்தால் தொடங்கிய இந்த ஆலோசனையில் அவளுக்கென ஓர் அமர்வு இருக்கவில்லை.

நாங்கள் இப்போது பயன்படுத்தும் நாட்குறிப்புத் தாளில், என்ன செய்தீர்கள் என்ற பத்தியுடன் கூடவே, அதை யார் நினைவில் வைத்திருந்தார்கள் என்ற பத்தியும் சேர்க்கப்பட்டுள்ளது. ‘சும்மா’ என்று எழுதியிருந்தால், அப்போது குழந்தை எங்கே இருந்தது என்று அடுத்த அமர்வில் கேட்கிறோம்.